ஆண்ட்ராய்டில் விபிஎன் போடுவது எப்படி: பிரவுசரிலிருந்து தொடங்குங்கள்

ப்ளே ஸ்டோரில் 'ஃப்ரீ விபிஎன்' என்று தேடி, முதலில் வருவதை நிறுவுவதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியே பூட்டி அனுப்பும் ஆப். அதைப் போட்டால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது ஜியோவுக்கோ ஏர்டெலுக்கோ தெரியாது, விபிஎன்காரருக்குத் தெரியும். ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ நிறுவனத்தின் விபிஎன் ஆப், மக்கள் வேறு எந்தெந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தை அந்த நிறுவனத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. ஐபோன் ஆப் ஸ்டோரிலிருந்து அது 2018இல் நீங்கியது.

படி 1: பிரவுசர்

ஃபயர்ஃபாக்ஸை நிறுவுங்கள். செட்டிங்ஸில் 'எச்டிடிபிஎஸ் ஒன்லி மோட்' என்பதை எல்லா டேபுக்கும் ஆன் செய்யுங்கள். 'என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்‌ஷன்' ஸ்ட்ரிக்டில் இருக்கட்டும். ஏதாவது தளம் உடைந்து தெரிந்தால், முகவரிக்குப் பக்கத்திலுள்ள கேடயப் படத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அணைக்கலாம். பிறகு எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில், விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினை நிறுவுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வழியில்லாததால்தான் இந்த மாற்றம். இன்காக்னிட்டோ உங்கள் போனிலுள்ள ஹிஸ்டரியைத்தான் மறைக்கும், இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியை அல்ல.

படி 2: விபிஎன்

இலவசமாக வேண்டுமென்றால் ப்ரோட்டான் விபிஎன். டேட்டா வரம்பு இல்லை. ஒரு சாதனம் மட்டும். நாட்டை ஆப்பே தேர்ந்தெடுக்கும். நிறுவும் முன் வெளியீட்டாளர் பெயர் ப்ரோட்டான் ஏஜி தானா என்று பாருங்கள். கனெக்ட் அழுத்தியதும் போன் அனுமதி கேட்கும். ஓகே கொடுத்தால் மேலே சாவிப் படம் தெரியும்.

படி 3: கசிவை அடைப்பது

பலர் விட்டுவிடும் இடம் இது. சிக்னல் போய்த் திரும்பும்போது விபிஎன் அறுந்தால், போன் சத்தமில்லாமல் நேரடி இணைப்புக்கு மாறிவிடும். போனின் செட்டிங்ஸில் 'விபிஎன்' என்று தேடி, ப்ரோட்டான் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொடுங்கள். 'ஆல்வேஸ் ஆன் விபிஎன்', 'பிளாக் கனெக்‌ஷன்ஸ் விதவுட் விபிஎன்' இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

படி 4: சோதனை

தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். 'டிஎன்எஸ் லீக் டெஸ்ட்' என்று தேடி, படி 3இல் ஆன் செய்த இரண்டையும் அணைத்து விபிஎன் இல்லாமல் ஒருமுறையும், எல்லாவற்றையும் மறுபடி ஆன் செய்தபின் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறையும் உங்கள் சிம் நிறுவனத்தின் பெயரே வந்தால் கசிகிறது என்று அர்த்தம். படி 3ஐத் திரும்பப் பாருங்கள்.

சிக்கல்கள்

ரயில் நிலைய வைஃபையில் ஓடிபி கேட்கும் பக்கமே திறக்காது. அந்தப் பக்கம் விபிஎன் வழியே வராது என்பதால் 'பிளாக்', 'ஆல்வேஸ் ஆன்' இரண்டையும் அணைத்து, விபிஎன்னைத் துண்டித்து, ஓடிபி போட்டு நுழைந்தபின் மறுபடி ஆன் செய்யுங்கள்.

வெளிநாட்டு ஐபியைப் பார்த்துச் சில வங்கி ஆப்கள் மறுக்கும். அந்த ஆப்பை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடும் ஸ்பிளிட் டனலிங் வசதி கட்டணத் திட்டங்களில் உண்டு. ஆனால் 'பிளாக்' ஆனில் இருந்தால், வெளியே விட்ட ஆப்புக்கு நெட்டே கிடைக்காது. பணம் அனுப்பும் அந்த இரண்டு நிமிடம் மொபைல் டேட்டாவுக்கு மாறி, 'பிளாக்', 'ஆல்வேஸ் ஆன்' இரண்டோடு விபிஎன்னையும் அணைப்பதே எளிது.

கனெக்ட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அலுவலக அல்லது கல்லூரி வைஃபை, விபிஎன் பயன்படுத்தும் வயர்கார்டு என்ற இணைப்பு முறையைத் தடுத்திருக்கலாம். ஆப்பின் புரோட்டோகால் பகுதியில் விபிஎன் என்று தெரியாமல் மறைக்கும் 'ஸ்டெல்த்' முறையைத் தேர்ந்தெடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும்.

ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்தால், லேப்டாப்பின் போக்குவரத்து பெரும்பாலும் போனிலுள்ள விபிஎன் வழியே போகாது. லேப்டாப்பில் தனியாகப் போட வேண்டும். இலவசத் திட்டத்தில் அதற்குமுன் போனில் துண்டித்தாக வேண்டும்.