இருக்கும் நெட்வொர்க் கேபிளிலேயே மேடைக் காட்சியைப் பந்திக்கூடத்து டிவிக்குக் கொண்டுவருவது எப்படி?

மாடியில் முகூர்த்த மேடை, கீழே பந்திக்கூடம் என்று அமைந்த கல்யாண மண்டபங்களில், சாப்பிட உட்கார்ந்தவர்களும் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பது எல்லா வீட்டாரும் கேட்பதுதான். சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கும். ஆனால் சிசிடிவிக்காகவும் அலுவலகக் கணினிகளுக்காகவும் போட்ட கேட்-6 கேபிள் பெரும்பாலான மண்டபங்களில் ஏற்கெனவே இருப்பதால், அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஹெச்டிஎம்ஐ படத்தை இந்தக் கேபிளில் ஏற்றி அனுப்பும் பெட்டியும், மறுமுனையில் அதைப் பெற்று டிவிக்குத் தரும் பெட்டியும் சேர்ந்ததுதான் எக்ஸ்டெண்டர். கடையில் அதைக் கேட்கும்போதே கவனம் தேவை. ஹெச்டிபேஸ்டி வகைப் பெட்டிகளும் இதே கேபிளைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அவை நெட்வொர்க் கருவிகள் அல்ல. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர் கேபிள் இருந்தால்தான் அவை வேலை செய்யும். அவற்றை நெட்வொர்க் சுவிட்சில் (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) செருகவே கூடாது. நமக்கு வேண்டியது சுவிட்ச் வழியாக இயங்கும் ஐபி வகை. செருகும் முனை இரண்டிலும் ஒன்றுபோலவே இருப்பதால், இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டே வாங்க வேண்டும்.

நொடிக்கு 60 பிரேம் கொண்ட 1080பி படத்தைச் சுருக்காமல் அனுப்பினால், படத்துக்கு மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட் ஆகும். ஜிகாபிட் சுவிட்ச் அதைத் தாங்காது என்பதால் பெட்டிகள் படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன. எச்.264 என்னும் சுருக்கும் முறையில் 10 முதல் 20 மெகாபிட் போதும். ஆனால் படம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிந்தி வரும். குறைவாகச் சுருக்கும் பெட்டிகளில் தாமதம் தெரியாது. ஆனால் சில நூறு மெகாபிட் வரை பிடிக்கும். கெட்டிமேளம் மாடியிலிருந்து நேராகக் காதில் விழும்போது டிவியில் தாலி இன்னும் ஐயர் கையிலேயே இருந்தால் பார்ப்பவர்களுக்கு உறுத்தும். ஆகவே ஓசை எட்டும் தூரத்தில் பந்திக்கூடம் இருந்தால் இரண்டாம் வகையையே வாங்குங்கள் என்பேன். சுவிட்சுகளுக்கு இடையே ஓடும் கேபிளும் ஜிகாபிட் வேகத்தில் இருக்க வேண்டும்.

இனிச் சொல்வதுதான் மிக முக்கியம். ஒரே காட்சியைப் பல டிவிகளுக்கு அனுப்ப இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் மல்டிகாஸ்ட் முறையைக் கையாளுகின்றன. சாதாரணச் சுவிட்ச், கேட்டவர் யார், கேட்காதவர் யார் என்று பாராமல் அந்தப் போக்குவரத்தை எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டிவிடும். நான் வேலை பார்த்த ஒரு மண்டபத்தில் அனுப்பும் பெட்டியைச் செருகிய மறுகணமே சுவிட்சின் எல்லா விளக்குகளும் சேர்ந்து படபடக்கத் தொடங்கின. சிசிடிவி படம் உறைந்தது, வைஃபை நின்றுபோனது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டுமே மல்டிகாஸ்டை அனுப்பும் வசதி) உள்ள மேலாண்மைச் சுவிட்சை, அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய சுவிட்சை வைத்து, அந்த வசதியையும் அதனுடன் ஐஜிஎம்பி குவெரியரையும் (யாருக்கு இன்னும் படம் வேண்டும் என்று அவ்வப்போது விசாரிக்கும் வசதி) இயக்கிய பிறகே எல்லாம் சீரானது. குவெரியர் இல்லாவிட்டால் படம் சில நிமிடங்கள் ஓடிவிட்டு நின்றுவிடக்கூடும். இயன்றால் இப்பெட்டிகளுக்கென்று தனி விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) ஒதுக்குங்கள். வைஃபை கருவிகள் எதுவும் அதில் சேரக் கூடாது.

மாட்டுவதற்கு முன், அனுப்பும் பெட்டியையும் பெறும் பெட்டியையும் மேசைமேல் ஒரு சிறிய கேபிளால் நேராக இணைத்துப் படம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு சுவிட்ச் வழியாக ஒரு டிவி, அதன்பின் மற்றவை. சுவிட்சிலிருந்து பெட்டிவரை எந்தக் கேபிளும் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. டிவிகள் வெவ்வேறு வகையாக இருந்தால் கேமராவை 1080பி அளவிலேயே நிறுத்திவையுங்கள்.

ஒலியை மிக்சரிலிருந்து தனிக் கம்பியில் கீழே கொண்டுசெல்ல வேண்டாம். அனுப்பும் பெட்டியிலோ கேமராவிலோ அதைக் கொடுத்தால், படத்துக்கு நேரும் தாமதமே ஒலிக்கும் நேர்ந்து இரண்டும் சேர்ந்தே வரும். முதல் நாள் மாலை, மேடையில் ஒருவரை மைக்குக்கு முன் கை தட்டச் சொல்லிவிட்டுப் பந்திக்கூடத்தில் நின்று பாருங்கள். டிவியில் கை சேர்வதும் ஓசை வருவதும் ஒன்றாக இருந்தால், அந்தப் போர்ட்டுகளில் சீட்டு ஒட்டி, முகூர்த்தம் முடியும்வரை யாரும் பிடுங்காதபடி சுவிட்ச் இருக்கும் ராக்கைப் பூட்டிவிடுங்கள்.