கோடைக்காலக் கூட்டாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோடை விடுமுறை டிசம்பரில் தொடங்குகிறது. விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு வரலாறு, மொழியியல், புள்ளியியல் துறை ஆசிரியர்கள் ஒன்றுகூடி, இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களை ஆராய உட்காருகிறார்கள். புதிய குழுக்கள் பழைய தவறுகளையே செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். கால அட்டவணை, வாராந்தரக் கூட்டம் போன்றவை எல்லாரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூலத்தின் மேலேயே திருத்துவது

1860 முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த ஏறத்தாழ 1,52,000 பேருக்கும் தனித்தனி எண் உண்டு. அதனுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றையும் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். ஆகவே ஒரே முனுசாமி ஓரிடத்தில் மூன்சாமி, இன்னோரிடத்தில் மூனுசாமி. நான் அறிந்த ஒரு குழுவில், கணக்கிட வசதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்கி, பழைய வடிவங்கள் இருந்த பத்தியை (அட்டவணையின் நெடுவரிசையை) அழித்துவிட்டார்கள். வேறு பெயரான முனிசாமிகளும் அதில் கரைந்துபோனார்கள். புள்ளியியலாருக்கு இடைஞ்சலாகத் தெரிந்த அந்த எழுத்து வேறுபாடுதான் மொழியியலாருக்கு ஒலிச் சான்று. அதை முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். ஒரு கோடை முழுவதும் தட்டச்சு செய்ததை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பட்டியலில் உள்ளபடி ஒரு பத்தி, நாம் வாசித்தபடி ஒரு பத்தி, சீராக்கிய வடிவத்துக்கு ஒரு பத்தி என மூன்று வேண்டும். சீராக்கியவர் யார், எதனால் அப்படி முடிவு செய்தார் என்பதைப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். முதல் பத்தியையும் ஆள் எண்ணையும் யாரும் தொடக்கூடாது.

இன்றைய வரைபடத்தில் பழைய ஊர்களைத் தேடுவது

அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் சித்தூரும் திருப்பதியும் அடங்கியிருந்தன. சித்தூர் மாவட்டம் பிரிந்தது 1911இல்தான். இதைக் கவனிக்காமல் வட ஆற்காட்டார் அனைவரையும் தமிழர் கணக்கில் சேர்த்தால், தெலுங்குக் குடும்பங்கள் பல அதற்குள் மறைந்துவிடும். புவியியலாரையும் வரலாற்றாசிரியரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதற்கு இதைவிடத் தக்க காரணம் எனக்குத் தெரியவில்லை.

அனுமதியைத் தள்ளிப்போடுவது

அந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களை நேர்காணப் பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பேட்டி எடுத்த பிறகு கேட்டால் அது கிடைக்காது. டிசம்பர் நடுவில் அலுவலகங்கள் மூடிவிடும் என்பதால் செப்டம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.

கட்டுரையில் ஆசிரியர் பெயர் வரிசை

முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள்.