காதுக்கருவியைக் கணினியில் போலச்செய்யும்போது நேரும் தவறுகள்

காதுக்கருவி ஒலியை மாற்றும் விதத்தைக் கணினியில் போலச்செய்து, அதை ஹெட்போன் வழியே கேட்கவைத்துச் சோதிப்பதற்கு, ஜெர்மனியின் ஓல்டன்பேர்க்கில் உருவான ‘ஓப்பன் எம்எச்ஏ’ போன்ற திறந்த மூல மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. திருகோணமலையில் இருக்கும் ஒரு மாணவர்கூட மடிக்கணினியும் அமைதியான ஓர் அறையும் கொண்டு இத்தகைய சோதனையைத் தொடங்கிவிடலாம். ஆனால் மென்பொருள் ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு.

பிழைகளில் பெரும்பாலானவை ஒலிமட்டத்தைப் பற்றியவை. கணினிக்கு ஒலியழுத்தம் தெரியாது. கோப்பிலுள்ள எண்கள்தாம் தெரியும். கோப்பின் உச்ச மட்டம் 100 டெசிபெல்லைக் குறிக்கிறது என்று அமைத்திருந்தால், சாதாரண உரையாடலின் அளவான 65 டெசிபெல் பேச்சு, சராசரியில் அந்த உச்சத்துக்கு 35 டெசிபெல் கீழே இருக்க வேண்டும். அதே பேச்சு 20 டெசிபெல் மட்டுமே கீழே பதிவாகியிருந்தால், மென்பொருள் அதை 80 டெசிபெல் உரத்த பேச்சாகக் கொள்ளும். 2:1 விகிதத்தில் ஒலியை நெருக்கும் அமைப்பில், அதாவது உள்ளே வரும் ஒலி 2 டெசிபெல் கூடினால் வெளியே 1 டெசிபெல் மட்டுமே கூடும் அமைப்பில், பெருக்கம் (கருவி ஒலியை உயர்த்தும் அளவு) 7.5 டெசிபெல் குறைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பின்னர் ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் இது சரியாகாது, ஏனெனில் தவறு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. எல்லாக் கோப்புகளையும் இறுதியில் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது இன்னும் மோசம்: கருவி கொடுத்த பெருக்கத்தையே அது அழித்துவிடுகிறது.

பின்னணி இரைச்சலுக்காகப் பஸ் நிலையத்திலோ மீன் சந்தையிலோ கைத்தொலைபேசியில் பதிவுசெய்வோர் உண்டு. பெரும்பாலான தொலைபேசிகள் உரத்த ஒலியைத் தாமாகவே அடக்கி மெல்லியதை உயர்த்தும். அவ்வாறு ஏற்கெனவே நெருக்கப்பட்ட ஒலியைத்தான் உங்கள் மென்பொருள் மறுபடியும் நெருக்குகிறது.

பேச்சையும் இரைச்சலையும் தனித்தனியே கருவிக்குள் செலுத்திவிட்டுப் பின்னர் கலப்பது, பார்ப்பதற்குக் குற்றமற்றதாகவே தோன்றும். உண்மையான கருவியின் ஒலிவாங்கியை அடைவது கலவைதான். பெருக்கத்தைத் தீர்மானிப்பதும் அந்தக் கலவையே. எனவே கலந்த பிறகே செலுத்த வேண்டும். வெளியீட்டில் இரண்டையும் பிரித்து அளக்க வேண்டுமானால், ஆய்வாளர்கள் ஹாகர்மனும் ஓலோஃப்சனும் 2004இல் விவரித்த வழி இருக்கிறது: இரைச்சலின் கூட்டல், கழித்தல் குறியைத் தலைகீழாக்கி இரண்டாவது கலவை ஒன்றைச் செலுத்தி, இரு வெளியீடுகளையும் கூட்டிப் பாதியாக்கினால் பேச்சும், கழித்துப் பாதியாக்கினால் இரைச்சலும் ஏறத்தாழத் தனித்துக் கிடைக்கும்.

பேச்சுக்கு முன் ஓரிரு விநாடி இரைச்சலை ஓடவிடுவதும் அவசியம். இல்லையேல் ஒலியை நெருக்கும் அமைப்பு நிலைகொள்ளுமுன் வரும் முதற்சொல் மட்டும் மிகையாக ஒலிக்கும்.

அடுத்தது, ஹெட்போன் எதைக் காட்டாது என்பதை மறப்பது. துளையுள்ள காதுமுனை அணிந்தவருக்கு வெளியொலி நேரடியாகவும், கருவி கையாண்ட ஒலி சில மில்லிவிநாடி தாமதித்தும் வந்து கலப்பதால் ஒலியின் நிறமே மாறும். மென்பொருளின் வெளியீட்டை மட்டும் கேட்பவருக்கு அந்த மாற்றம் தெரியாது. நேரடி ஒலியையும் கணக்கில் சேர்த்தால்தான் தெரியும். புளூடூத் ஹெட்போனைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, அதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக மின்விசிறி. திருகோணமலை வெயிலில் அதை நிறுத்தச் சொல்வது கொடுமைதான்; ஆயினும் கருவி உயர்த்திக் கொடுக்கும் மெல்லிய மெய்யொலிகளை மூடிவிட அதன் இரைச்சலே போதும் என்பதால், சோதனையை விடியற்காலையில் குறுகிய அமர்வுகளாக வைத்து, இடைவேளையில் மட்டும் மின்விசிறியைப் போடலாம்.