பல் கட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

யாங்கோனில் முதல் தடவையாகப் பல் கட்ட வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது, “எது நல்லது டாக்டர்? செட்டா, பிரிட்ஜா, இம்பிளாண்ட்டா?” என்றுதான். செட் என்பது கழற்றி மாட்டும் பொய்ப்பல் வரிசை; இம்பிளாண்ட் என்பது தாடை எலும்பில் பதித்த திருகின் மேல் நிற்கும் பல்; பிரிட்ஜ் என்னவென்று கீழே சொல்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளம் மருத்துவர்களும் வாயைச் சரியாகப் பார்க்கும் முன்பே அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். தினமும் பல் துலக்குங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியவை வேறு.

ஆட்டம் கண்ட பல்லில் பிரிட்ஜ்

விழுந்த பல்லுக்கு இருபக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் செதுக்கி, கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லை நிறுத்துவதுதான் பிரிட்ஜ். மெல்லும்போது மூன்று பல்லின் பாரத்தையும் அந்த இரண்டு பற்களின் வேர்களே சுமக்க வேண்டும். வேரைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தால், ஆடும் கிளையில் ஊஞ்சல் கட்டிய கதைதான்.

குன்யா, அதாவது பாக்கும் சுண்ணாம்பும் வைத்த வெற்றிலை, போடும் வாயில் கறையும், பல்லில் கல்லாகப் படியும் காரையும் ஈறை மூடியிருக்கும். உள்ளே இருக்கும் நோய் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு ஆழம் என்று அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை சரி. 5, 6 என்று போனால் செதுக்கும் கருவியைக் கீழே வைத்துவிடுங்கள்.

தாட்டோன் பக்கமிருந்து ஓர் அண்ணன் வந்தார். மகள் கல்யாணத்துக்குள் பல் வேண்டும் என்று வேறோர் இடத்தில் அவசரமாகக் கட்டிக்கொண்டவர். எக்ஸ்ரே எடுக்கவே இல்லையாம். “போட்டோவுல நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, இப்ப சோறு மெல்ல முடியல” என்றார். பிரிட்ஜ் மொத்தமாக ஆடியது. தாங்கிய இரண்டு பற்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பல் போன இடத்தில் இப்போது மூன்று இல்லை, கொடுத்த பணமும் போனது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. காரையை எடுத்துவிட்டு, ஈறு ஆறும்வரை கழற்றி மாட்டும் அக்ரிலிக் பல் ஒன்றைக் கொடுத்திருந்தால் கல்யாணமும் குறையில்லாமல் நடந்திருக்கும், அந்தப் பற்களைக் காப்பாற்றவும் வழி இருந்திருக்கும்.

வாய் திறப்பைப் பார்க்காமல் அளவெடுப்பது

பல வருடம் பாக்கு போட்டவர்களுக்குக் கன்னம் வெளுத்து இறுகும், காரம் பட்டால் எரியும். தன் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியாதவருக்குப் பல் கட்டுவது அப்புறம். முதலில் வாய்நோய் மருத்துவரிடம் அனுப்புங்கள், அது புற்றாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்.

பல் எடுத்த கையோடு நிரந்தர செட்

எலும்பு வற்றும், செட் தளரும். சில மாதம் பொறுங்கள்.

இடைவெளியை வருடக்கணக்கில் விடுவது

பக்கத்துப் பல் சாயும். எதிர்ப்பல் கீழிறங்கும், அல்லது மேலேறும். அப்புறம் கட்ட இடமே இருக்காது.

செட்டைக் கொதிநீரில் போடுவது

வளைந்துவிடும்.

இம்பிளாண்ட்டுக்குச் சொத்தை வராது என்று விட்டுவிடுவது

சொத்தை வராதுதான். ஆனால் அதைச் சுற்றி ஈறு வீங்கி எலும்பு கரையும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பல் இடுக்கைத் துலக்கும் இடைப்பல் பிரஷ்ஷை எப்படி நுழைப்பது என்று கட்டிய அன்றே கேட்டு, மருத்துவர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள்.