குதிரைப் பயணத்தின் கடைசி நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஜஸ்தானின் ஷெகாவதி பக்கம் குளிர்காலத்தில் குதிரைப் பயணம் வரும் குழுக்களோடு நானும் கூடப் போவதுண்டு. நவல்கட், மண்டாவா, நடுவே மணல் பாதை, கடுகு வயல், வன்னி மரங்கள். முதல் நாள் எல்லோரும் பயந்து பயந்து சொன்னதைக் கேட்பார்கள். கடைசி நாள்தான் தலைவலி. ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்தை ஒவ்வொரு குழுவிலும் யாராவது அடிக்கிறார்கள். ஹெல்மெட் போடுங்கள், குதிரைக்குப் பின்னால் நிற்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

லாயத்தை நோக்கி ஓட விடுவது

இங்கே ஏறுவது ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரை. அதன் காதுகள் உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி முட்டுகிற மாதிரி இருக்கும். அவற்றைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். லாயம் நெருங்க நெருங்க அவை முன்னால் விறைத்து நிற்கும். நடை தானாக வேகமெடுக்கும். கடிவாளம் கையை இழுக்கும். குதிரைக்கு வீடு தெரிந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவர் 'கடைசி நாள்தானே' என்று குதிகாலால் ஓர் உதை விடுவார். பெரும்பாலும் வீடியோவுக்காக.

ஒரு குதிரை ஓடினால் மற்றவை காரணம் கேட்காது. ஒருமுறை முன்னால் போனவர் இப்படிக் கிளப்பிவிட, பாய்ச்சலே பழகாத ஓர் அம்மாவின் குதிரையும் பின்னாலேயே பறந்தது. அவர் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்தது. கிளப்பிவிட்டவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய குதிரைக்குத்தான் முன்னங்கால் தசைநாண் வீங்கிப்போயிற்று. களைத்த கால், ஆழமான மணல், திடீர் வேகம். வேறென்ன வேண்டும்? அது ஆற மாதக்கணக்கில் ஆகும். அங்கே சீசனே அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான்; ஒரு வருடச் சம்பாத்தியம் போயிற்று. மனிதர் சாயங்காலம் 'செம ரைடு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

காது விறைத்ததுமே நடைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குதிரை முந்தப் பார்த்தால் கடிவாளத்தின் இரண்டு வாரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துத் தொங்காதீர்கள். அந்த இழுபறியில் ஜெயிப்பது அதுதான். இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஒரு பக்கமாக அகல வட்டம் போடுங்கள். பிறகு வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். பாய்ச்சலில் சடாரென்று திருப்பினால் இரண்டு பேரும் மணலில்தான். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு இறங்கி, அங்கவடியை (கால் வைக்கும் வளையத்தை) மேலே ஏற்றி, சேணத்தின் வயிற்று வாரை ஒரு துளை தளர்த்தி, பக்கத்தில் நடந்தே வாருங்கள். உங்கள் முழங்காலுக்கும் நல்லது.

போட்டோவுக்காக ஜீன்ஸ்

தொடை உரிந்துவிடும்.

வந்ததும் தானியம்

பாசத்தில் வாளி நிறையத் தீனியை நீட்டாதீர்கள். முதலில் தண்ணீர், புல்; மூச்சும் உடம்புச் சூடும் நன்றாகத் தணிந்த பிறகுதான் தானியம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அன்றைக்கே விமானம்

வேண்டாம். ஜெய்ப்பூர் போய்ச் சேரவே சில மணி நேரம் பிடிக்கும். அப்புறம் அந்த அவசரத்திலேயே மேலே சொன்ன பாய்ச்சல் வந்துவிடும்.

டிப்ஸை மேனேஜரிடம் கொடுப்பது

குதிரைக்காரர் கையில் நேராகக் கொடுங்கள். சேணம் கழற்றும்போது கூடவே நின்று, முதுகில் எங்காவது வீக்கமோ உரசலோ தென்பட்டால் அவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு நாளில் அடுத்த குழு வந்து நிற்கும்.