டானா மலைக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள்

சிங்கப்பூரிலிருந்து ஜோர்தான் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பெட்ரா, வாதி ரம், சாக்கடல் என்று மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். டானா இயற்கைக் காப்பகம் வழியில்தான் இருக்கிறது, அம்மானிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதற்கு இரண்டு இரவு வேண்டும். ஒன்று மேலே டானா கிராமத்தில், இன்னொன்று கீழே, பள்ளத்தாக்கு முடியும் ஃபெய்னானில். மதியம் வந்து பள்ளத்தாக்கைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பினால் அங்குள்ள மனிதர்களோடு பேசவே முடியாது. என்னைக் கேட்டால், அவர்களுக்காகவே போக வேண்டும்.

காப்பகத்தின் பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரில் பாதிகூட வராது. ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் தொடங்கி, கடல் மட்டத்துக்கும் கீழே போய் முடிகிறது. மேலே ஓக், ஜூனிபர் மரங்கள். கீழே வேல மரமும் மணலும். மலையாடுகள் பாறை விளிம்பில் நிற்பதைப் பார்க்க அதிகாலையில் எழுந்துவிடுங்கள்.

ஜூன் பள்ளி விடுமுறையில் போக வேண்டாம். அந்த மாதத்தில் ஃபெய்னான் பக்கம் நடக்க முடியாத வெயில். மார்ச் மாத ஒரு வார விடுமுறைதான் பொருத்தம், காட்டுப்பூக்களும் இருக்கும். டிசம்பரில் மேலே பனிகூடக் கொட்டும். மழை அறிவிப்பு இருந்தால் பள்ளத்தாக்கில் இறங்கவே கூடாது. எங்கோ மலையில் பெய்த மழை, வெயிலடிக்கும் இடத்தில் வெள்ளமாக வந்து நிற்கும். 2018-ல் சாக்கடல் அருகே பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

கிராமத்திலிருந்து ஃபெய்னானுக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். நம் ஊர் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். இங்கே ஒரே நாளில் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இறங்குகிறோம். அதனால் முழங்காலைத் தயார்ப்படுத்துங்கள். வீவக அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியில் ஏறிப் படிக்கட்டில் இறங்குங்கள், தினமும். தண்ணீர் ஆளுக்கு மூன்று, நான்கு லிட்டர். நம் ஊரில் நடந்தால் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்ப்பதே தெரியாது. மதியம் பார்த்தால் சட்டை காய்ந்தே இருக்கும், முதுகில் மட்டும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். எங்கள் அண்ணிக்கு முழங்கால் வலி, அவரைப் பெட்டிகளோடு காரில் சுற்றுவழியாக அனுப்பினோம். அதற்குத் தங்குமிடத்திலேயே ஏற்பாடு செய்து தருவார்கள்.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமலும் இறங்கலாம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எங்களோடு வந்தவர் வழியில் குனிந்து ஒரு சாம்பல்நிறச் செடியைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி நீட்டினார். வயிற்றுவலிக்கு அதைத்தான் காய்ச்சிக் குடிப்பார்களாம். முகர்ந்தவுடன் தேக்கா பூக்கடை ஞாபகம் வந்துவிட்டது. நம் மாசிபத்திரியின் உறவுச்செடிதான் அது. ஃபெய்னானை நெருங்கும்போது தரையில் கறுப்புக் கட்டிகள் கிடந்தன. கையில் எடுத்தால் கல்லைவிடக் கனம். செம்பு உருக்கியபோது மிஞ்சிய கசடு அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செம்பு உருக்கிய இடம், ரோமானியர்கள் கைதிகளை வைத்து வேலை வாங்கிய சுரங்கம். அவர் சொல்லாவிட்டால் மிதித்துக்கொண்டே போயிருப்போம்.

அந்தச் செம்பு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. 2021-ல் சுரங்கத்துக்காகக் காப்பகத்தின் ஒரு பகுதியை வெட்டிக் கொடுக்க அரசாங்கம் முன்வந்தபோது, காப்பகத்தை நடத்தும் அரச இயற்கைப் பாதுகாப்புக் கழகம் எதிர்த்து நின்றது. அந்த வட்டாரத்தில் வேலை கிடைப்பது கஷ்டம். டானாவின் பல குடும்பங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே சிமெண்ட் ஆலை வேலைக்காகவும் தண்ணீருக்காகவும் பக்கத்துக் காதிசியாவுக்குக் குடிபெயர்ந்தன. மலையை அப்படியே விட்டுவைத்தாலும் பிழைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் கிராமத்திலேயே தங்குங்கள், அங்குள்ள பெண்கள் செய்யும் வெள்ளி நகை, பழ ஜாம் வாங்குங்கள். விலையைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

ஃபெய்னான் விடுதியில் ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்றை இங்கே முஸ்தஃபா கடையிலேயே வாங்கிவிடுங்கள். சாப்பாடு முழுக்கச் சைவம், நம் பாட்டிமார்களைக்கூடத் தைரியமாகக் கூட்டிப் போகலாம். கிராமத்தில் மட்டும் சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விருந்தாளிக்கென்று ஆட்டிறைச்சி சமைத்துவிடுவார்கள்.

மாலையில் பெதூயின் என்னும் நாடோடி அரபு மக்களின் கூடாரத்துக்குக் காப்பி குடிக்கக் கூப்பிடுவார்கள். ஆட்டு ரோமத்தில் நெய்த கறுப்புக் கூடாரம். காப்பிக்கொட்டையை நம் கண்ணெதிரே நெருப்பில் வறுத்து, உரலில் தாளம் தட்டி இடிப்பார்கள், ஏலக்காயும் போடுவார்கள். அவசரப்படக் கூடாது, முக்கால் மணி நேரம் ஆகும். ‘சலாம் அலைக்கும்’ சொல்லி, காலணியைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். கோப்பையை வலக்கையால் வாங்குங்கள். காலியானதும் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் கோப்பையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிவிட்டுக் கொடுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. தோளும் முழங்காலும் மூடிய உடை, ஆண்களுக்கும்தான்.

ஜோர்தான் தினார் நம் சிங்கப்பூர் வெள்ளியைவிட மதிப்புக் கூடியது. சில்லறை நோட்டாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஜோர்தான் பாஸ்’ 70 தினாரில் தொடங்குகிறது. இங்கேயே இணையத்தில் வாங்கி, அந்நாட்டில் குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசா கட்டணம் இல்லை, பெட்ரா நுழைவும் அதிலேயே அடங்கும். டிக்கெட் எடுக்குமுன் நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் பார்த்துவிடுங்கள். ஃபெய்னானிலிருந்து நெடுஞ்சாலைப் பக்கம் போக உள்ளூர்க்காரர்களே முறைவைத்து வண்டி ஓட்டுகிறார்கள், அதிலேயே போங்கள். அங்கிருந்து தெற்கே திரும்பினால் அக்காபா, வடக்கே போனால் சாக்கடல் ஓரமாகவே விமான நிலையத்துக்குப் போய்விடலாம்.