மின்புலக் கணக்கு: மைனஸ் குறியைச் சூத்திரத்துக்குள் விடாதீர்கள்

கூலூம் விதியும் (மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைத் தருவது) வெக்டர் கூட்டலும் (திசையையும் சேர்த்துக் கூட்டுவது) தெரிந்தவர்களுக்கும் மின்புலக் கணக்கில் விடை தப்புவதுண்டு. மின்புலம் என்பது ஓர் இடத்தில் வைக்கும் ஒரு கூலூம் பிளஸ் மின்னூட்டத்தின் மீது செயல்படும் விசை. மின்னூட்டத்தின் மைனஸ் குறியைச் சூத்திரத்திலும் போட்டு, அதே குறிக்காகப் படத்தில் அம்பையும் திருப்பிவிடுவார்கள். இரண்டு முறை திருப்பினால் அம்பு பழைய திசைக்கே வந்துவிடும்.

கணக்கு இது. 'ப' என்ற புள்ளிக்கு இடப்பக்கம் 20 செ.மீ. தள்ளி +4 மைக்ரோகூலூம் (மைக்ரோ என்றால் 10⁻⁶) மின்னூட்டம் இருக்கிறது. நேர் கீழே 15 செ.மீ.யில் −3 மைக்ரோகூலூம். ப-வில் மின்புலம் எவ்வளவு? அங்கே −2 மைக்ரோகூலூமை வைத்தால் அதன் மீது என்ன விசை?

படி 1: அம்புகள். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ப-வில் ஒரு சிறு பிளஸ் மின்துகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். +4 அதைத் தள்ளும்: அம்பு வலப்பக்கம். −3 இழுக்கும்: அம்பு கீழே. இரண்டு அம்புகளின் வாலும் ப-விலேயே தொடங்கட்டும். +4, −3 இரண்டின் குறிகளுக்கும் இத்தோடு வேலை முடிந்தது.

படி 2: எண்மதிப்பு மட்டும். 9×10⁹ (கூலூம் விதியின் மாறிலி) × மின்னூட்டம் ÷ தூரத்தின் வர்க்கம். 20 செ.மீ. என்பது 2×10⁻¹ மீட்டர், வர்க்கம் 4×10⁻². 2-ஐ வர்க்கப்படுத்திவிட்டு 10⁻¹-ஐ அப்படியே விட்டால் விடை பத்தில் ஒரு பங்காகிவிடும். நீட், ஜேஇஇ தேர்வுகளில் கால்குலேட்டர் கிடையாது. எண்களைத் தனியாகவும் பத்தின் அடுக்குகளைத் தனியாகவும் எழுதிப் பழகுவதே நல்லது.

+4 தருவது: 36×10³ ÷ 4×10⁻² = 9×10⁵ நியூட்டன்/கூலூம்.
−3 தருவது: 27×10³ ÷ 2.25×10⁻² = 12×10⁵ நியூட்டன்/கூலூம்.

படி 3: கூட்டல். அம்புகள் செங்குத்தாக இருப்பதால் பித்தாகரஸ் போதும்: 15×10⁵ நியூட்டன்/கூலூம், வலப்பக்கக் கிடைக்கோட்டிலிருந்து சுமார் 53° கீழே. வேறு கோணம் என்றால் கிடை, செங்குத்துக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். கோணத்தை எப்போதும் கிடை அச்சிலிருந்தே அளங்கள். செங்குத்திலிருந்து அளந்தால் சைனும் கொசைனும் இடம் மாறிவிடும்.

படி 4: விசை. 2×10⁻⁶ × 15×10⁵ = 3 நியூட்டன். வைக்கும் மின்துகள் மைனஸ் என்பதால் விசை மின்புலத்துக்கு நேர் எதிரே: இடப்பக்கமாக, 53° மேல்நோக்கி. நேரடியாக விசையைக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். அதைவிட முதலில் மின்புலம் காண்பதே மேல். கேள்வியின் அடுத்த பிரிவில் −2-க்குப் பதில் +5 என்று கேட்டால் ஒரே ஒரு பெருக்கலில் வேலை முடியும்.

பின்சேர்க்கை: மின்புலம் சுழியாகும் புள்ளி

இதில்தான் பலர் திணறுகிறார்கள். +4-உம் −1-உம் 30 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன, மின்புலம் எங்கே சுழி? எழுதுவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள். நடுவில் இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் நோக்குவதால் அங்கே சுழி வராது. +4-க்கு வெளிப்பக்கம் பெரிய மின்துகள்தான் அருகில் இருக்கும், எனவே அங்கேயும் வராது. மிச்சம் −1-க்கு வெளிப்பக்கம் மட்டும்.

−1-லிருந்து தூரம் தூ என்றால், 4 ÷ (தூ+30)² = 1 ÷ தூ². விரித்து எழுதி இருபடிச் சமன்பாட்டில் மாட்டிக்கொள்ளாமல் வர்க்கமூலம் எடுங்கள்: 2தூ = தூ+30, அதாவது தூ = 30 செ.மீ. விரித்தவர்களுக்கு −10 என்ற இன்னொரு விடையும் வரும். அது இரண்டுக்கும் நடுவே, −1-லிருந்து 10 செ.மீ.யில் உள்ள புள்ளி. அங்கே இரு புலங்களின் எண்மதிப்பும் சமம்தான். ஆனால் திசை ஒன்றே என்பதால் அவை கூடுகின்றனவே தவிர அழிவதில்லை. −1-ஐ +1 ஆக்கிப் பாருங்கள்: அதே 10 செ.மீ. புள்ளிதான் இப்போது சரியான விடை, வெளியே இருந்த 30 செ.மீ. செல்லாது.